பார்வையாளர் புத்தகத்தில் நான் எழுதிய வாக்கியம்

தியாகு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று நாள் அதை மேசையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனேன், வந்தேன், சோறு வடித்தேன். மதுரையில் உன் பயிற்சி முடிகிறது, அடுத்த வாரம் மலைக்கு வருகிறாய், பேரிக்காய் பங்களா முதியோர் இல்லத்துக்கு டாக்டராகப் பொறுப்பேற்கப் போகிறாய். இதெல்லாம் சந்தோஷம்தான். அதற்குக் கீழே இன்னொரு பத்தி எழுதியிருக்கிறாய். இல்லத்தின் மேட்ரன் ரெஜினா இப்போது பக்கவாதம் வந்து அதே இல்லத்தில் படுத்திருக்கிறாள், அவள் மேல் நான் கொடுத்த மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது, செயலாளர் உனக்கு எழுதி வருத்தப்பட்டிருக்கிறார், "படுத்துவிட்டவரை இனி என்னம்மா செய்ய வேண்டியிருக்கிறது? மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறாய். முடியாது. பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் நீ அந்த வாசலில் கால் வைக்கக் கூடாது. இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்கவும் வேண்டாம். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. யாராவது அச்சில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். உன் பெரியம்மா நிமோனியாவில் இறந்தாள் என்று உனக்குச் சொன்னேன். நீ அப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய்; பரீட்சை நேரம். அடக்கத்துக்கு வந்த உன்னைப் பெட்டியின் அருகில் அதிக நேரம் நிற்க விடவில்லை. அவள் நிமோனியாவில் சாகவில்லை. முதுகிலும் இடுப்பிலும் இருந்த புண்ணில் செத்தாள். உன்னிடம் மறைத்தது உன் படிப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், தெரிந்தால் நீ "அம்மா, நீங்கள் வாராவாரம் போனீர்களே, பார்க்கவில்லையா?" என்று கேட்பாய் என்ற பயம்தான்.

லூர்து அக்காவை உனக்கு மிட்டாய் கொண்டுவருகிற பெரியம்மாவாகத்தான் தெரியும். இருபத்தைந்து வருஷம் அவள் நர்ஸாக வேலை பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன். உன் அப்பா போன பிறகு நீ வளர்ந்ததும் அதில்தான். எனக்கு ஒருமுறை டைபாய்டு வந்தபோது அவள் லீவு போட்டு வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். அறைக்குள் வந்தால் "எப்படி இருக்கே" என்று கேட்க மாட்டாள். நேராகக் கையை என் இடுப்புக்கு அடியில் நுழைப்பாள். விரிப்பு ஈரமா, மடிப்பு விழுந்திருக்கிறதா, தோல் சூடா என்று அந்தக் கை பார்த்துச் சொன்ன பிறகுதான் வாய் பேசும். "நோயாளி மரியாதைக்காக நல்லா இருக்கேன்னு சொல்லுவா. முதுகுக்கு மரியாதை தெரியாது" என்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் என்னைத் திருப்பிப் படுக்க வைத்தாள். நான் அலுத்துக்கொண்டால் திட்டுவாள். எனக்கு ஒரு சிராய்ப்புகூட வரவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. நான் காலையில் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் வருவேன். இரண்டு மாதம் ஆள் வைத்துப் பார்த்தேன், ஆள் நிற்கவில்லை. வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போன பேரிக்காய்த் தோட்டத்து பங்களாவில் ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி வைத்து இல்லம் நடத்தினார்கள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சன்னலில் மலர்ச்செடி, தேய்த்துத் துடைத்த மரத்தரை, வெள்ளை உடுப்பில் மேட்ரன். "ஒங்க அக்கா எனக்கு சீனியர் மாதிரி, டீச்சர். ராணி மாதிரி பாத்துக்கிருவோம்" என்றாள். நான் நம்பினேன். எதையும் எளிதில் நம்பாதவள் என்று பெயர் வாங்கிய நான், ஒரு வெள்ளை உடுப்பை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை பார்வை நேரம். பூசை முடித்து, சாப்பிட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு எல்லாரும் போவோம். பெண்கள் கூடத்தில் பதினோரு கட்டில். எல்லாக் கட்டிலிலும் வெளுத்த விரிப்பு, தாடை வரை இழுத்துப் போர்த்திய கம்பளி, அதற்கு மேலே எண்ணெய் வைத்துச் சீவிய தலை. பதினோரு தலையைத்தான் நாங்கள் பார்த்தோம். வேறு ஊராயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்கள். மலைக்குக் கீழே வத்தலக்குண்டு வெயிலில் எவளும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கிடக்க மாட்டாள். இந்த மலையில் வயதானவர்கள் மேலிருந்து கம்பளியை விலக்குவது கொலைக்குச் சமம். அந்தக் குளிர்தான் ரெஜினாவுக்கு வசதி.

அக்கா வாராவாரம் ஒரு காரியம் செய்வாள். நான் முக்காலியில் உட்கார்ந்ததும், நல்லாயிருந்த இடது கையால் கம்பளியைக் கீழே தள்ளுவாள். நான் அதை இழுத்து மறுபடி போர்த்துவேன். "குளிருதுக்கா. சும்மா இரு" என்பேன். மறுபடி தள்ளுவாள். மறுபடி போர்த்துவேன். பக்கத்தில் நிற்கிற செல்லம் ஆயா சிரிப்பாள்: "பச்சப்புள்ள மாதிரி ஆயிட்டாங்க டீச்சர். தங்கச்சியைக் கண்டா ஒரே செல்லம்." நானும் சிரித்தேன், தியாகு. என் அக்காவின் கண்ணில் தண்ணீர் வரும். நோயில் இப்படித்தான் அழுகை வரும் என்று எங்கோ படித்ததை நினைத்துக்கொள்வேன். இருபத்தைந்து வருஷ நர்ஸ், பேச முடியாத நர்ஸ், தன் உடம்பைத் திறந்து காட்டி எனக்குப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் புகாரை என் கையாலேயே மூடினேன். எத்தனை ஞாயிறு என்று எண்ண எனக்குத் தைரியமில்லை.

அதற்கு மேலும் செய்தேன். கூடத்து வாசலில் தோல் அட்டை போட்ட பார்வையாளர் புத்தகம் இருந்தது. இந்த ஊரில் ஹோட்டலில் தங்கினாலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தாலும் புத்தகத்தில் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போவதுதானே நாகரிகம். ஒரு ஞாயிறு ரெஜினா அதை என்னிடம் நீட்டினாள். "நீங்க எம்.ஏ. நல்ல இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதுங்க டீச்சர். கமிட்டி பாக்கும்." எழுதினேன். யோசித்து, அழகாக எழுதினேன். இதைவிடத் தூய்மையான, இதைவிட அன்பான இடத்தை என் சகோதரிக்கு நான் கேட்டிருக்க முடியாது என்பது அதன் பொருள். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை.

உண்மையைச் சொன்னவள் அந்த இல்லத்துக்குத் துணி வெளுத்த வெள்ளத்தாயி. பக்கத்து அடுக்கம் கிராமத்துக்காரி. ஒரு திங்கள் மாலை பள்ளிக்கூட வாசலில் மூட்டையோடு நின்றாள்.

"டீச்சரம்மா, ஒங்க அக்கா எப்பிடி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்கா. நேத்துதான் பாத்தேன்."

"ஞாயித்துக்கெழமை அங்க எல்லாருமே நல்லாத்தான் இருப்பாங்க. அன்னைக்குப் போடுற வெள்ளைப் பெட்சீட்டு மறுநாள் வெள்ளனே அலமாரிக்குள்ள போயிரும். மத்த நாளு பெட்சீட்டு எங்கிட்டல்ல வருது." மூட்டையைத் தட்டினாள். "மோந்து பாக்குறீங்களா? சீழுக்கும் மூத்திரத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமயா இருக்கும்? ஓரத்துல நூலு கட்டி அடையாளம் வச்சிருக்கேன். மூணாங் கட்டிலு ஒங்க அக்காவுது. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க, என் சோலி போயிரும். நாளைக்கே வாங்க. வெரசா வாங்க."

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் காலை எட்டு மணிக்குப் போனேன். வாசலில் ரெஜினா குறுக்கே வந்தாள். "இன்னிக்கு விசிட்டிங் டே இல்லியே, டீச்சர். ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல." அவளைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனேன். என் வாழ்க்கையில் ஒருவரை நான் கையால் தள்ளியது அந்த ஒரு முறைதான். வாடையை எழுத மாட்டேன். நீ டாக்டர், உனக்குத் தெரியும். அக்காவின் இடது மணிக்கட்டு கிழிந்த சேலைத் துண்டால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தது. செல்லம் பயப்படவேயில்லை. நியாயம் பேசினாள்: "கட்டாம என்னங்க செய்யறது? எத்தன வாட்டி போத்தினாலும் தள்ளி விட்டுருது. குளிருல செத்துப்போச்சுன்னா எங்களைத்தான கேப்பீங்க?" நான் கம்பளியை எடுத்தேன். அக்காவைத் திருப்பினேன். இடுப்பெலும்பின் மேல் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் நடுவில் தெரிந்தது எலும்பு.

அன்றே வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பதினேழு நாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பினேன், அவள் கற்றுக்கொடுத்தபடியே. தாமதமான பாடம். முதல் நாள் அவள் இடது கையால் என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பலமில்லாத அறை. பிறகு அதே கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நடிக்கவும் மாட்டேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் கமிட்டி முன் போய் நின்றேன். செயலாளர் கோட்டுப் போட்ட மனிதர், மிக மரியாதையானவர். முழுவதும் கேட்டார். பிறகு பார்வையாளர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். என் பக்கத்தைத் திருப்பி, நல்ல உச்சரிப்போடு என் வாக்கியத்தை வாசித்தார். "இது உங்க கையெழுத்துதானுங்களே, டீச்சர்?" ஆறு பேர் என்னைப் பார்த்தார்கள். ரெஜினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஒரு பக்கம் ஏறியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்த உதட்டை நான் எட்டு வருஷமாக மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்யவும் இல்லை.

அரசாங்கத்துக்கு வருஷத்துக்கு ஒரு மனு எழுதினேன். பலசரக்குக் கடைக்காரர் புளி பொட்டலம் கட்டிக்கொண்டே, "இந்த வருச மனு போயிருச்சுங்களா?" என்று கேட்பார். பிள்ளைகள் எனக்கு "மனு டீச்சர்" என்று பெயர் வைத்தார்கள். இல்லத்தில் யாரையாவது சேர்க்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன். பாச்சலூரிலிருந்து ஒருவர் தன் தகப்பனாரைக் கொண்டுவந்து பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே பிடித்துச் சொன்னேன். "ஒங்களுக்கு அவங்க மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டார். "நிறைய" என்றேன். சிலர் கேட்டார்கள். பலர் கதவைச் சாத்தினார்கள். ரெஜினாவைச் சந்தையில் பார்ப்பேன். முதல் வருஷம் அவள் துணிச்சலாக "குட் மார்னிங் டீச்சர்" என்பாள். நான் நின்று, ஒவ்வொரு முறையும், ஒரே பதிலைச் சொல்வேன்: "உள்ளங்கை அகலம், மேட்ரன்." கறிகாய்க்காரிகள் முன்னால், கோயில் சாமியார் முன்னால், ஒருமுறை அவளுடைய தங்கை மகளின் கல்யாணப் பந்தியில். இரண்டாம் வருஷத்திலிருந்து என்னைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாள். அதில் எனக்குக் கிடைத்த திருப்தியை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் திருப்தியால் ஒரு கட்டிலில்கூட ஒரு விரிப்பு மாறவில்லை. வெகு நாள் கழித்துத்தான் அது எனக்கு உறைத்தது.

உறைத்த பிறகு வேறு விதமாகச் சேகரித்தேன். வெள்ளத்தாயி வேலையை விட்ட பிறகு சாட்சி சொல்லச் சம்மதித்தாள். இல்லத்தில் இறந்தவர்களைக் குளிப்பாட்டிய உறவுக்காரப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசினேன். உடம்பின் பின்பக்கத்தைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான். எனக்குப் பிடிக்காத ஓர் உண்மையும் கிடைத்தது. இருபத்திரண்டு கட்டிலுக்கு இரண்டே ஆயாக்கள். ஆள் போதவில்லை என்று ரெஜினா கமிட்டிக்கு மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறாள். கமிட்டி ஆள் தரவில்லை. கட்டில்களுக்குப் பெயின்ட் அடித்தது. அதையும் விசாரணையில் நானே சொல்வேன், அந்தக் கோட்டுக்காரரின் முகத்துக்கு நேரே. ஆனால் ஆள் இல்லை என்று எழுதத் தெரிந்த கைக்கு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன் கம்பளியை விலக்கி "பாருங்கள், என்னால் முடியவில்லை" என்று காட்டவும் தெரிந்திருக்க வேண்டும். அவள் மறைத்தாள். கட்டினாள். சிரித்தாள். இது மூன்றுக்கும் ஆள் பற்றாக்குறை காரணமில்லை. என் ஆங்கில வாக்கியத்தையும் மனுவோடு இணைத்திருக்கிறேன், முதல் தாளாக. இம்முறை யாரும் அதை என் மேல் வீச முடியாது.

இனி போன செவ்வாய் நடந்தது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானே அங்கே போனேன். ரெஜினா படுத்துவிட்ட பிறகு வாசலில் தடுக்க ஆளில்லை. பெண்கள் கூடத்தில் கடைசிக் கட்டிலில் கிடந்தாள். இடது பக்கம் விழுந்திருந்தது. என்னைக் கண்டுகொண்டாள். தண்ணீர் டம்ளர் சன்னல் விளிம்பில், அவள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. "டீச்சர்," என்றாள், குழறலாக. "தண்ணி." நான் நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் எனக்கு இனித்தது, தியாகு. உன் அம்மா அப்படிப்பட்டவள்தான். வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம்.

பக்கத்தில் செல்லம் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றாள். "கெடக்கட்டும் டீச்சர். இது குடிச்சா உடனே நனைச்சுப்புடும். யாரு மாத்துறது?" என்றாள். அப்புறம் கண்ணைச் சிமிட்டினாள், நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்பதுபோல. அதில்தான் எனக்குச் சுரீரென்றது. இவள் ரெஜினாவிடம் தொழில் கற்றவள். நான் தண்ணீர் கொடுக்காமல் போனால், அதே பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு மாணவி. கம்பளியை எடுத்தேன். நனைந்த விரிப்பு. இடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பு. தோல் இன்னும் கிழியவில்லை. "வெந்நி கொண்டா" என்றேன் செல்லத்திடம். நான் பேசிய குரலுக்கு அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினாள். இருவருமாகத் துடைத்தோம், மாற்றினோம், வலப்பக்கம் திருப்பினோம். தண்ணீரை நான்தான் கொடுத்தேன். ரெஜினா அழுதாள். நன்றி சொல்கிறாளா என்று நான் காதைக் கொடுக்கவில்லை. "உள்ளங்கை அகலம் ஆக விடமாட்டேன்" என்றேன். அது அவளுக்குப் புரிந்தது.

ஆகையால் உனக்கு என் யோசனை இது. நீ எந்த நாள் வருகிறாய் என்று செயலாளருக்கு எழுதாதே. எழுதியிருந்தால் அதற்கு ஒரு நாள் முன்பே வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே, குளிக்காதே, காபி குடிக்காதே. பெட்டியோடு நேராக அங்கே போ. கமிட்டி அறையில் நாற்காலி போடுவார்கள், உட்காராதே. ஒவ்வொரு கட்டிலிலும் கையை அடியில் விட்டுப் பார். குதிகாலைப் பார், மணிக்கட்டைப் பார், தண்ணீர் எங்கே இருக்கிறதென்று பார். பேச முடிந்தவர்களிடம் ஆயா இல்லாதபோது பேசு. பேச முடியாதவர்கள் எதைத் தள்ளுகிறார்கள், எதைப் பிடிக்கிறார்கள் என்று கவனி. துணி வெளுப்பவளிடம் வாரம் ஒருமுறை பேசு. அவளைவிட நல்ல சாட்சி உனக்கு அங்கே கிடைக்காது. பார்வை நாள் என்று ஒன்று இருக்கக் கூடாது, எல்லா நாளும் வாசல் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கேள். இன்னும் நான்கு ஆயாக்கள் இல்லாமல் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொல். தர மறுத்தால் பஸ் ஏறி மதுரைக்கே போய்விடு. டாக்டர் இல்லாத இல்லம் என்று ஊருக்குத் தெரியட்டும். உன் பெயரை அவர்களுடைய பெயின்ட் ஆக்கிக்கொள்ள விடாதே.

கடைசிக் கட்டிலை மற்றக் கட்டில்களைவிடக் கவனமாகப் பார். நான் கருணையால் சொல்லவில்லை; உனக்குக் கருணை வந்தால் அது உன் இஷ்டம். விசாரணைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பக்கவாதக்காரர்கள் புண்ணிலும் சளியிலும் ஐந்து வாரத்தில் போய்விடுவார்கள். போனால் எல்லாரும் பாவம் என்று சொல்லி, மாலை போட்டு, விசாரணைக் கோப்பை மூடிவிடுவார்கள். அதற்கு நான் விடமாட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பு. முட்டையும் பாலும் கொடு. காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் உட்கார். விசாரணையை அந்தக் கூடத்திலேயே வைக்க வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். அங்கே புண்ணோடு செத்தவர்களின் பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், லூர்து அக்காவிலிருந்து தொடங்கி. அன்றைக்கு ரெஜினா காய்ச்சல் இல்லாமல், வலி இல்லாமல், உலர்ந்த விரிப்பில், தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசிப் பெயர் வரை அவளுக்குக் காது கேட்க வேண்டும்.

உன் அம்மா